ஒரு நாளும் பதினாலு வருஷமும்

மலையாண்டி தன் பெண்டாட்டியை ஒரு நாளும் கைநீட்டி அடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பூமயில் அந்த வீட்டை விட்டு வந்த பிறகு, ஊரில் எந்த வாய் திறந்தாலும் முதலில் வந்து விழுந்தது இதுதான். குடி கிடையாது, சீட்டு கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது, கை நீளாது. கடலாடிப் பக்கம் இருபது ஏக்கர் மிளகாய்க் காடு வேறு. இப்பேர்ப்பட்ட மனுஷனை விட்டுவிட்டு வந்து அண்ணன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாளே, இவளுக்கு என்ன கொழுப்பு என்று கேட்டார்கள். கேட்ட பெண்களில் பாதிப் பேர் வாரத்துக்கு ஒரு தடவை புருஷனிடம் மிதி வாங்குகிறவர்கள். அவர்கள் கண்ணுக்கு மலையாண்டி தங்கமாகத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை.

பூமயில் பிறந்தது 1974இல், ராமநாதபுரம் மாவட்டம் சிக்கலுக்குத் தெற்கே வானம் பார்த்த பூமியில். அப்பன் சீக்கிரமே போய்விட்டான். ஆத்தா பிச்சையம்மாள் கூலிக்கு மிளகாய் பறித்து இரண்டு பிள்ளைகளை ஆளாக்கினாள். மூத்தவன் தனுஷ்கோடி லாரி ஓட்டப் போனான். இளையவள் பூமயிலுக்கு எட்டாவதோடு படிப்பு நின்றது. வாய் மட்டும் நிற்கவில்லை. கண்மாய்க்கரையில் நின்று அவள் கத்தினால் அக்கரையில் ஆடு மேய்க்கிறவன் திரும்பிப் பார்ப்பான். 1992 தை மாதம் மலையாண்டி பெண் கேட்டு வந்தபோது, காடு கரை உள்ளவன் கூலிக்காரி வீட்டில் வந்து பெண் எடுக்கிறானே என்று ஊரே பிச்சையம்மாளை வாழ்த்தியது. ஏன் எடுக்கிறான் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. கேட்க நாதியில்லாத வீடாகப் பார்த்துத்தான் எடுத்தான்.

அவனுக்குக் குரல் உயராது. பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டான். உட்கார்ந்த இடத்திலிருந்து நாற்காலிக் கையிலோ கதவு நிலையிலோ இரண்டு விரலால் இரண்டு தட்டுத் தட்டுவான். அவள் வந்து முன்னால் நிற்க வேண்டும். குழம்பில் உப்புக் கூடியிருக்கலாம், கிணற்றடியில் பக்கத்து வீட்டுக்காரியோடு நாலு வார்த்தை பேசியிருக்கலாம், ஆத்தாளைப் பார்த்துவர ஆசைப்பட்டிருக்கலாம். எதுவாக இருந்தாலும் அவன் திட்ட மாட்டான். வத்தல் அறைப் பக்கம் பார்ப்பான். அவ்வளவுதான்.

வத்தல் அறை என்பது விலை ஏறும்வரை மிளகாய் மூட்டைகளைப் போட்டு வைக்கும் இடம். ஜன்னல் கிடையாது. காய்ந்த குண்டு மிளகாயைக் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும்போது அங்கே கொஞ்ச நேரம் நின்றாலே கண்ணும் மூக்கும் தொண்டையும் தனித்தனியாக எரியும். முதல் வருஷம் அவளை உள்ளே விட்டு வெளியே நாதாங்கி போட்டான். அவள் இருமினாள், கத்தினாள், கதவை இடித்தாள். கத்தினால் நேரம் கூடும் என்று கற்றுக்கொண்டாள். இரண்டாம் வருஷம் முதல் நாதாங்கி போடுகிற வேலை அவனுக்கு மிச்சமாயிற்று. அவன் பார்த்தால் போதும். அவளே உள்ளே போவாள், அவளே கதவைச் சாத்திக்கொள்வாள், அவன் தட்டும்வரை மூட்டை மேல் உட்கார்ந்திருப்பாள். தள்ளினால் திறந்துகொள்கிற கதவு அது. அவள் தள்ளவில்லை.

சில நாள் பரமக்குடிக்குப் போய்ச் சேலை எடுத்து வருவான். பூ வாங்கி வருவான். அன்றைக்கு அவள் தட்டில் அவனே கறியை அள்ளி வைத்து, ஒன்றுக்கும் ஆகாத உன்னை என்னைத் தவிர வேறு எவன் வைத்திருப்பான் என்று பிரியமாகச் சொல்வான். திட்டிச் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள். பிரியமாகச் சொன்னதால் நம்பினாள். மகள் நாகலெட்சுமி பிறந்து, வளர்ந்து, பள்ளிக்கூடம் போகிற காலத்தில், கண்மாய் அதிரக் கத்திய பெண் சட்டி பானை சத்தம் கேட்காமல் சமைக்கிற பெண்ணாக ஆகியிருந்தாள்.

2006இல் பிச்சையம்மாள் செத்துப் போனாள். சாவுக்கு மட்டும் போக விட்டான். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள். பூமயில் ஆத்தாளைச் சொல்லிச் சொல்லி அழுகிறாள். மலையாண்டி வந்து பந்தல்காலில் இரண்டு தட்டுத் தட்டினான். அழுகை பாதியில் நின்றது. அவள் எழுந்து போய் அவன் முன்னால் நின்றாள். தண்ணீர் வேண்டுமாம். தனுஷ்கோடி அதைப் பார்த்தான். என்ன பார்த்தோம் என்று அவனுக்கு விளங்கவில்லை. ஆனால் மறக்கவும் முடியவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், தங்கச்சியும் பிள்ளையும் கொஞ்ச நாள் இங்கே இருக்கட்டும் மாப்பிள்ளை என்றான். மலையாண்டி சிரித்துக்கொண்டே சரியென்றான். அவளே வந்துவிடுவாள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

அவள் போகவில்லை. ஏன் என்று அண்ணன் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். அடித்தான் என்றால் தழும்பைக் காட்டலாம். பூட்டாத கதவுக்குள் வருஷக் கணக்கில் உட்கார்ந்திருந்தேன் என்று யாரிடம் சொல்வது? தள்ள வேண்டியதுதானேடி என்பார்கள். அவளும் தன்னை அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்த பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது. பதினாலு வருஷக் கோபம் மொத்தமாக வந்தது. அண்ணன் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் கூலிக்கு மிளகாய் பறிக்கப் போனாள். ஒவ்வொரு நிரையிலும் மனசுக்குள் அவனைக் கொண்டுபோய் அந்த அறையில் போட்டாள். எந்த மூட்டை மேல் உட்கார வைப்பது, எத்தனை நாழி வைப்பது, தண்ணீர் கேட்டால் என்ன சொல்வது எல்லாம் தீர்மானமாகியிருந்தது. அவனை இரும வைத்தாள். காலில் விழ வைத்தாள். மத்தியானக் கஞ்சிக்குள் அவனை நாலு தடவை சாகடித்துவிடுவாள். சாயங்காலம் வீடு திரும்பும்போது முகத்தில் ஒரு களை இருக்கும். தனுஷ்கோடியின் பெண்டாட்டி மீனம்மாள் அதைப் பார்த்து, நாத்தனாருக்கு உடம்பு தேறி வருகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம் மாசி மாதம் தனுஷ்கோடிக்கு அடி விழுந்தது. சாயல்குடிப் பக்கத்து உப்பளத்தில் உப்பேற்றிக்கொண்டு தூத்துக்குடி ரோட்டில் போகும்போது முன்டயர் வெடித்து லாரி கவிழ்ந்தது. பக்கத்தில் இருந்த சின்னக்கருப்பன், இருபது வருஷமாக அவனோடு லோடு ஏற்றிய கூட்டாளி, உப்பு மூட்டைக்கு அடியில் போய்விட்டான். அவனை எடுக்கும்வரை இரண்டு மணி நேரம் தனுஷ்கோடி நசுங்கிய வண்டிக்குள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். கை சில்லிட்டுப் போனதும் அவனுக்குத் தெரியும்.

கால் எலும்பு கூடிவிட்டது. ஆள் கூடவில்லை. சைக்கிள் டயர் வெடித்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு மூலைக்கு ஓடினான். சோற்றில் உப்பைக் கண்டால் குமட்டினான். தூங்கப் போனால் சின்னக்கருப்பன் கை வந்து கையைப் பிடித்தது. தார் ரோட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. பயந்த கோளாறு என்று எல்லோருக்கும் தெரிந்தது. கோடாங்கியிடம் குறி பார்த்தார்கள், மந்திரித்துக் கயிறு கட்டினார்கள், அதன் பிறகு ராமநாதபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனார்கள். மீனம்மாளுக்குக் கைப்பிள்ளை இருந்ததால் துணைக்குப் போனவள் பூமயில்.

அங்கே சாலிஹா என்று ஒரு பெண் இருந்தாள். கீழக்கரைக்காரி, முப்பது வயதுக்குள் இருக்கும். டாக்டர் மாத்திரை எழுதுவார்; உட்காரவைத்துப் பேசுவது இவள் வேலை. தனுஷ்கோடிக்கு வந்திருப்பது பி.டி.எஸ்.டி. என்றும், ஒரு பெரிய ஆபத்தில் சிக்கித் தப்பியவர்களுக்கு வருவது என்றும், குணமாகும் என்றும் சொன்னாள். அந்த ஒரு நாளை அவனை வாரா வாரம் சொல்ல வைத்தாள். மாசி பதினாலு, திங்கட்கிழமை, காலை பத்தரை. முதலில் அழுதுகொண்டு சொன்னான், பிறகு நடுங்கிக்கொண்டு, பிறகு சாதாரணமாக. அதற்கப்புறம் நிற்கிற லாரி பக்கத்தில் போய் நிற்கச் சொன்னாள். பிறகு அதில் ஏறி உட்கார, பிறகு இன்ஜினைப் போட. ஒன்பதாம் மாதம் தனுஷ்கோடி மறுபடியும் லோடு அடித்தான். கண் கலங்கும், ஆனால் ஓட்டினான்.

இதற்கு நடுவில் ஒரு நாள், சாலிஹா மேஜையில் கலைந்து கிடந்த காகிதங்களைச் சேர்த்து நிமிர்த்திப் பிடித்து டக் டக்கென்று தட்டினாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பூமயில் எழுந்து உள்ளே வந்து, தலையைக் குனிந்துகொண்டு அவள் முன்னால் நின்றாள். யாரும் கூப்பிடவில்லையே என்றாள் சாலிஹா. பூமயிலுக்கு வியர்த்துவிட்டது. ஏன் எழுந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அன்றிலிருந்து அண்ணனுக்கு அரைமணி, தங்கச்சிக்கு அரைமணி என்று ஆயிற்று. முதலில் அண்ணனிடம் கேட்டதையேதான் அவளிடமும் சாலிஹா கேட்டாள்: எந்த நாள் உங்கள் கண்முன்னால் வந்து நிற்கிறது? பூமயில் யோசித்தாள். வத்தல் அறையில் உட்கார்ந்த நாளைச் சொல்வதா, அவன் பூ வாங்கி வந்த நாளைச் சொல்வதா? எந்த நாளைத் தொட்டாலும் அதற்கு முந்தின நாள் அதைவிட மோசமாக இருந்தது. என் மேல்தான் தப்பு, நான் அப்படிப்பட்டவள் என்றாள். சாலிஹா பேனாவை மூடி வைத்தாள். நாளைக் கேட்பதை விட்டுவிட்டாள். காலையில் எழுந்து என்ன செய்வீர்கள், சாப்பிடும்போது யார் முகத்தைப் பார்ப்பீர்கள் என்று கேட்க ஆரம்பித்தாள். மாதக் கணக்கில் ஓடியது. ஆனால் பூட்டாத கதவைப் பற்றிப் பூமயில் அவளிடமும் வாய் திறக்கவில்லை. மனசுக்குள் அவனைக் கொல்வதை மட்டும் சொன்னாள். அந்த ஆளை விட்டு வந்த பிறகும் நாள் பூராவும் அவனையே நினைத்துக்கொண்டிருப்பதும் இந்த நோயில் சேர்ந்ததுதான் என்றாள் சாலிஹா.

"இருக்கட்டும்மா. மத்ததுக்கெல்லாம் மாத்திர குடுங்க. அதுக்கு மட்டும் வேணாம்," என்றாள் பூமயில்.

2008 பங்குனியில் மலையாண்டிக்கு வாதம் அடித்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது, வாய் கோணிப் பேச்சுக் குழறியது. அவன் அக்கா ராக்கு வந்து வாசலில் உட்கார்ந்து, கல்லானாலும் கணவன் என்று தொடங்கி ஒரு பாட்டம் அழுதாள். பார்க்க ஆள் இல்லை, தாலி கட்டினவள் வர வேண்டும் என்றாள். இந்த இடத்தில்தான் தனுஷ்கோடி அந்தத் தப்பைச் செய்தான். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. தனக்கு வந்ததும் பயந்த கோளாறு, தங்கச்சிக்கு வந்ததும் பயந்த கோளாறு. தன்னை லாரியில் ஏற்றி உட்காரவைத்துச் சரிப்படுத்தினார்கள். தங்கச்சியை அந்த வீட்டில் கொண்டுபோய் நிறுத்தினால் சரியாகிவிடும். ஒரே நோய்க்கு ஒரே மருந்து. சாலிஹாவைக் கேட்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. லாரி ஓட்டுகிறவனுக்கு வைத்தியத்தில் நம்பிக்கை வந்தால் இப்படித்தான் ஆகும்.

பூமயில் உடனே சம்மதித்தாள். அவள் கணக்கு வேறு. அவன் கிடக்கிற கோலத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். இரண்டு வருஷமாக மனசில் செய்ததைக் கையால் செய்ய வேண்டும். கஞ்சியில் கைப்பிடி உப்பைப் போட்டு, அவன் தண்ணீர் கேட்டுக் குழற, எனக்குப் புரியவில்லையே என்று நிற்க வேண்டும். பஸ்ஸில் போகும்போது கைப்பிடி உப்பை அளக்கிற மாதிரி சந்தோஷமாக விரலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டாள்.

தனுஷ்கோடி நேராக அவளை வத்தல் அறைக்குக் கூட்டிப்போனான். புருஷனோடு சண்டை வந்தால் அங்கே போய் உட்காருவாள் என்று நாகலெட்சுமி சொன்ன அளவுக்குத்தான் அவனுக்குத் தெரியும். கதவைத் திறந்து, உள்ளே நில்லு தங்கச்சி, ஒன்றும் ஆகாது, மூச்சை இழுத்து விடு என்றான். நின்றாள். வியர்க்கவில்லை, கத்தவில்லை, ஓடவில்லை. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கடைக்குப் போனான். திரும்பி வந்தபோது அவள் சேலையை வரிந்து கட்டி வீட்டைக் கூட்டி மெழுகி, கஞ்சி காய்ச்சி, புருஷனுக்கு வாய் துடைத்துக்கொண்டிருந்தாள். நீ போ அண்ணே, நான் இருந்துகொள்கிறேன் என்றாள். குணமாகிவிட்டது என்று அவன் ஊர் பூராவும் சொன்னான். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். ஒரு தடவை சூடு கண்ட பூனைக்கு அது சரி.

பதினோரு நாள் அங்கே இருந்தாள். ஒரு கல் உப்புக் கூடப் போடவில்லை. அவனுக்கு இடக்கை நன்றாக இருந்தது. கட்டில் சட்டத்தில் தட்டினான். தட்டிய போதெல்லாம் போய் நின்றாள். மனசுக்குள் அவனைத் தினம் நாலு தடவை கொன்ற அந்தப் பூமயில் எங்கே போனாள் என்று தெரியவில்லை. நாலாம் நாள் கஞ்சி சுட்டுவிட்டது. அவன் பார்வை வத்தல் அறைப் பக்கம் போயிற்று. அவள் எழுந்து போய் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். எழுந்து நிற்க முடியாதவன், ஒண்ணுக்கு இருக்க ஒருத்தர் தூக்கிவிட வேண்டியவன், கட்டிலில் கிடந்தபடி அவளை உள்ளே அனுப்பினான். அவன் தட்டும்வரை அவள் அங்கேயே இருந்தாள். அப்போதும் அவனுக்குத் திருப்தி. கோணிய வாயிலும் அது தெரிந்தது. அந்த முகத்தில் காறித் துப்ப அங்கே ஒருத்தர்கூட இல்லை.

பதினோராம் நாள் நாகலெட்சுமி முழுப்பரீட்சை முடித்துவிட்டு அம்மாவைப் பார்க்க வந்தாள். பதினைந்து வயது. கூடத்தில் புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருந்தாள். பூமயில் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தட்டுச் சத்தம் கேட்டு ஈரக் கையோடு ஓடிவந்தவள் கதவடியில் நின்றுவிட்டாள். மகள் அவளுக்கு முந்திவிட்டாள். புத்தகம் கீழே கிடந்தது. பிள்ளை தலையைக் குனிந்து, கையைக் கட்டிக்கொண்டு அப்பன் கட்டிலுக்கு முன்னால் நின்றது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறது. இது என்னோடு போகும் என்றல்லவா நினைத்திருந்தேன் என்று பூமயிலுக்குப் பட்டது. தனக்காக வராத துணிச்சல் அந்தப் பிள்ளைக்காக வந்தது. மகள் கையைப் பிடித்தாள், புத்தகத்தை எடுத்தாள், அடுப்பில் உலை கொதிக்கக் கொதிக்க வெளியே நடந்தாள். பின்னால் தட்டிக்கொண்டே இருந்தான். அவள் கால் இரண்டு தடவை நின்றது. மகளை முன்னால் விட்டு, அவள் முதுகைப் பார்த்தபடியே பஸ் நிறுத்தம் வரைக்கும் போய்ச் சேர்ந்தாள்.

மறுநாள் சேதி தெரிந்து சாலிஹா தனுஷ்கோடியை உட்காரவைத்து, ஏன் அங்கே கொண்டுபோய் விட்டீர்கள் என்று கேட்டாள். அவனும் விடவில்லை. எனக்கு லாரியில் ஏறியதும் சரியாகிவிட்டதே, அவளும் அந்த அறையில் பயப்படாமல்தானே நின்றாள் என்றான்.

"பயந்திருந்தா நான் சந்தோசப்பட்டிருப்பேண்ணே," என்றாள் சாலிஹா. "ஒங்களுக்கு நடந்தது ஒரு நாளு. அதுக்கு முன்னாடி நீங்க யாருன்னு ஒங்களுக்குத் தெரியும். சரியானதும் அந்த ஆளாத் திரும்பி வந்துட்டீங்க. இவுகளுக்கு நடந்தது பதினாலு வருசம், தப்பிச்சுப் போக வழி இல்லாத எடத்துல, தாலி கட்டுன ஆளே செஞ்சது. லாரி ஒங்களப் பாத்து, நீ ஒண்ணுக்கும் ஆக மாட்டேன்னு தெனம் சொல்லுச்சா? சொல்லிட்டு பூ வாங்கிக் குடுத்துச்சா?"

பிறகு அவள் நிதானமாகச் சொன்னாள். கெட்ட கனவு, திடுக்கிடுவது, ஒதுங்கி ஓடுவது இரண்டு பேருக்கும் உண்டு. அதோடு பூமயிலுக்கு வேறு மூன்று சேர்ந்திருக்கிறது. தான் எதற்கும் லாயக்கில்லை என்ற நினைப்பு, நடந்ததற்கெல்லாம் தானே காரணம் என்ற வெட்கம் ஒன்று. கோபம் வந்தால் அடங்காது, இல்லையென்றால் மரக்கட்டையாகிவிடுவது ஒன்று. யாரை நம்புவது, யாருக்கு அடங்குவது என்றே தெரியாமல் போவது ஒன்று. இதற்குக் காம்ப்ளெக்ஸ் பி.டி.எஸ்.டி. என்று பேர் வைத்திருக்கிறார்கள். எல்லாப் புத்தகத்திலும் இன்னும் ஏறவில்லை, ஆனால் எங்கள் பெரிய டாக்டர் ஒத்துக்கொள்கிறார் என்றாள். உங்களுக்குக் காலில் கருவேல முள் தைத்தது, பிடுங்கிவிட்டோம்; இவர்கள் நிலத்தில் கருவேலமே காடாக முளைத்துக் கிடக்கிறது, அதை வேரோடு எடுக்க வருஷமாகும், முதலில் அந்தப் பக்கம் போகாமல் பத்திரமாக இருக்க வேண்டும் என்றாள். நீங்கள் அவர்களை அந்தக் காட்டுக்குள்ளேயே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தீர்கள் என்றும் சொன்னாள். தனுஷ்கோடி முழங்காலில் கையை வைத்துக்கொண்டு அழுதான்.

பத்திரமாக இருப்பது அவ்வளவு லேசாக இல்லை. ராக்கு நாலு ஆட்களோடு வந்தாள். பெண்டாட்டி வர வேண்டும், இல்லாவிட்டால் மகளையாவது அப்பனைப் பார்க்க அனுப்ப வேண்டும் என்றாள். பிள்ளை பேரைக் கேட்டதும் பூமயில் எழுந்துவிட்டாள்.

"காசு வெட்டிப் போடப் போறேன் மதினி," என்றாள்.

வந்தவர்களுக்கு முகம் செத்துவிட்டது. அந்தப் பக்கத்தில் அது கடைசி ஆயுதம். சிவகங்கைப் பக்கம் காளி கோயில் ஒன்றில், இன்னார் எனக்கு இன்ன கெடுதல் செய்தார் என்று ஆத்தாளிடம் முறையிட்டு, உளியால் ஒரு காசை வெட்டித் துண்டாக்கிப் போடுவார்கள். வெட்டிய பிறகு இரண்டு வீட்டுக்கும் தண்ணீர்ப் புழக்கம்கூடக் கிடையாது. நல்லது கெட்டதுக்குப் போக முடியாது. போனால் ஆத்தா இரண்டு பேரையும் சும்மா விட மாட்டாள் என்பது பயம். கோர்ட்டுக்குப் பயப்படாதவனும் இதற்குப் பயப்படுவான். ஆத்தாள் வெட்டிவிட்ட உறவை வா என்று கூப்பிட ராக்குவாலும் முடியாது, ஊராலும் முடியாது.

ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை தனுஷ்கோடிதான் கூட்டிப்போனான். நல்ல கூட்டம். அவள் முறை வந்ததும் பூசாரி உளியைக் கையில் கொடுத்து, யார் மேல், என்ன குற்றம், என்றைக்கு நடந்தது என்று ஆத்தாளிடம் சொல்லச் சொன்னார். பின்னால் ஆள் நிற்கிறது, சுருக்கமாகச் சொல் தாயி என்றார்.

"சுருக்கமாச் சொல்ற மாதிரி அவரு செய்யலையே, சாமி," என்றாள் பூமயில்.

சொன்னாள். தொண்ணூற்றிரண்டு தையிலிருந்து ஆரம்பித்தாள். நாதாங்கி போட்ட வருஷத்தைச் சொன்னாள். நாதாங்கி போடாத வருஷங்களையும் சொன்னாள். கதவு பூட்டவில்லை ஆத்தா, நான்தான் உட்கார்ந்திருந்தேன் என்று அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. தள்ள வேண்டியதுதானே என்று ஒருத்தர் கேட்பார் என்று காத்திருந்தாள். வரிசையில் ஒருத்தரும் கேட்கவில்லை. அவசரம் என்று முணுமுணுத்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். தனுஷ்கோடி இதையெல்லாம் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டான். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

முடித்ததும், ஆத்தாளிடம் என்ன கேட்கிறாய் என்றார் பூசாரி. கையைக் கேட்பார்கள், காலைக் கேட்பார்கள், மூன்று மாதத்துக்குள் உயிரைக் கேட்பார்கள். அவர் எல்லாம் கேட்டுப் பழகியவர்.

"அவரு உசுரு வேணாம் ஆத்தா," என்றாள் பூமயில். "ஒரு நாளுல முடிஞ்சு போறது எதுவும் அவருக்கு வேணாம். பதினாலு வருசம் நல்லா இருக்கட்டும். புத்தி தெளிவா இருக்கட்டும். அந்தக் கட்டில்லயே இருக்கட்டும்."

அவள் காசைக் கல்லில் வைத்து அடித்தாள். இரண்டாவது அடியில் காசு துண்டாயிற்று.

அதற்கப்புறம் ராக்கு வரவில்லை. மலையாண்டியைப் பார்த்துக்கொள்ளக் கூலிக்கு ஒரு கிழவனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். கிழவனுக்குக் காது மந்தம். நாகலெட்சுமி பதினொன்றாம் வகுப்புப் போகிறாள். வாரம் ஒரு முறை அவளும் அம்மாவோடு சாலிஹாவிடம் வருகிறாள். பூமயிலுக்கு இன்னும் சில நாள் சோறு இறங்காது, சில நாள் காரணமில்லாமல் மீனம்மாளோடு சண்டை. நீங்கள் கேட்டது வேண்டுதலா, நோயா என்று சாலிஹா ஒரு நாள் கேட்டாள். இரண்டும்தான் என்றாள் பூமயில்.

2009 ஆவணியில் மலையாண்டிக்குச் சளிக்காய்ச்சல் கண்டு, பிழைக்க மாட்டான், இன்றோ நாளையோ என்று சேதி வந்தது. பூமயில் மூன்று நாள் காட்டுக்குப் போகவில்லை. பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தாள். என்ன இருந்தாலும் தாலி கட்டினவன், பாசம் விட்டுப் போகுமா என்று ஊர்ப் பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். நாலாம் நாள், காய்ச்சல் விட்டுவிட்டது, கண்ணைத் திறந்து பார்க்கிறான் என்றார்கள். அன்றைக்கே அவள் குளித்து முழுகி ஊர் அம்மன் கோயிலில் பொங்கல் வைத்தாள். வந்தவர் போனவருக்கெல்லாம் தன் கையாலேயே அள்ளிக் கொடுத்தாள். இன்னும் பன்னிரண்டு வருஷமும் சொச்சமும் இருக்கிறது.